கொள்ளை நோய்க்காக ஊரையே பூட்டிக்கொண்ட ஈம் கிராமம்: எது வரலாறு, எது கட்டுக்கதை?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பிஷயர் மாவட்டத்து மலைகளுக்கு இடையே ஒரு சின்ன கிராமம். அங்கே தேவாலயத்தை ஒட்டிய கல் வீடுகளின் முன்னால் பச்சை நிறத்தில் சிறு பலகைகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் பெயர்ப் பலகை இல்லை. அந்த வீட்டில் 1665, 1666 ஆண்டுகளில் பிளேக் நோயால் யார் யார் இறந்தார்கள் என்ற பட்டியல். சில பலகைகளில் ஒரே குடும்பப் பெயர் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். அந்த வீடுகளில் இன்றைக்கும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

ஊரின் பெயர் ஈம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘இயாம்’ என்று படிக்கத் தோன்றும், ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வது ‘ஈம்’தான். தமிழ்க் காதுக்கு ‘ஈமம்’ என்ற சொல் நினைவுக்கு வந்தால் அது வெறும் தற்செயல்.

கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஊடகங்களில் இந்த ஊரின் பெயர் அடிபட்டது. ‘அக்கம்பக்கத்து ஊர்களைக் காப்பாற்ற, தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டு செத்துப்போன மக்கள்’ என்று சொல்லப்பட்டது. கேட்டாலே நெஞ்சு கனக்கும் கதை. இதில் பெரும்பகுதி நடந்ததுதான். ஆனால் கொஞ்சம் பிற்காலத்தில் சேர்ந்தது. அந்தக் ‘கொஞ்சம்’ எது என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்.

லண்டனிலிருந்து வந்த துணி

1665-ம் ஆண்டு லண்டனில் பெரும் பிளேக். பதிவேட்டில் ஏறிய சாவுகள் மட்டுமே சுமார் 68,000. ஈம் கிராமமோ லண்டனிலிருந்து வடக்கே வெகுதூரத்தில், ஈயச் சுரங்கத்தையும் விவசாயத்தையும் நம்பிப் பிழைத்த ஊர்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டு என்ற தையல்காரருக்கு லண்டனிலிருந்து ஒரு பெட்டி நிறையத் துணி வந்தது என்கிறது ஊர்க் கதை. பெட்டியைப் பிரித்தவர் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ். துணி ஈரமாக இருந்ததால் அடுப்புத் தீக்கு முன்னால் விரித்துக் காயப் போட்டார். சில நாளில் காய்ச்சல், கட்டி. செப்டம்பர் 7-ம் தேதி விக்கர்ஸ் இறந்தார். இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பர். அடுத்து பக்கத்து வீடுகள்.

இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ‘துணியில் தெள்ளுப்பூச்சி இருந்தது, அடுப்புச் சூட்டில் அது துள்ளி வெளியே வந்தது’ என்று சேர்த்துச் சொல்வார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். 1665-இல் இங்கிலாந்தில் தெள்ளுப்பூச்சியை யாரும் சந்தேகப்படவே இல்லை. நோய் கெட்ட காற்றால் வருகிறது, அந்தக் காற்று துணியில் தங்கிவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்ததே 1894-இல். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோண்ட் காட்டியது 1898-இல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சி நகரில். அதற்குப் பிறகுதான் ஈம் கதைக்குள் தெள்ளுப்பூச்சி நுழைகிறது. பழைய கதையில் ‘ஈரத் துணி’ மட்டும்தான்.

அதனால் கதை பொய் என்று ஆகிவிடாது. தேதிகள் நன்றாகவே பொருந்துகின்றன. நாட்டுப்புறக் கதை அறிவியலைக் கேட்டு எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம், அவ்வளவுதான்.

இரண்டு பாதிரியார்களும் மூன்று முடிவுகளும்

குளிர்காலத்தில் நோய் கொஞ்சம் தணிந்தது. ஆனால் 1666 கோடையில் மறுபடியும் தலைதூக்கியது. அப்போது ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசன். வயது முப்பதைத் தொடவில்லை, ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான். மக்களுக்கு அவர் மேல் பெரிய ஒட்டுதல் கிடையாது.

காரணம் அரசியல். அவருக்கு முன்னால் அங்கிருந்த தாமஸ் ஸ்டான்லி, தூய்மைவாதப் பிரிவைச் சேர்ந்தவர். அரசு வகுத்த வழிபாட்டு முறையை எல்லாப் பாதிரியார்களும் ஏற்றே ஆக வேண்டும் என்று 1662-இல் சட்டம் வந்தபோது, ஏற்காதவர்கள் பதவி இழந்தார்கள். ஸ்டான்லியும் அதில் ஒருவர். ஆனாலும் ஊர்மக்களில் பலர் அவர் பக்கம்தான். புதிய பாதிரியார் தனியாகப் பேசினால் எடுபடாது. அதனால் எதிரெதிர் முகாமைச் சேர்ந்த இருவரும் கைகோத்தார்கள். இன்றைக்கு மாம்பெசன் பெயர் தெரிந்த அளவுக்கு ஸ்டான்லி பெயர் வெளியே தெரியாது. ஆனால் அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை என்று சொல்லலாம்.

இருவரும் சேர்ந்து ஊருக்கு முன்வைத்தவை மூன்று. இறந்தவர்களை அந்தந்தக் குடும்பமே புதைக்க வேண்டும், தேவாலயக் கல்லறைக்குக் கொண்டுவரக் கூடாது. வழிபாடு தேவாலயத்துக்குள் வேண்டாம், ‘குக்லெட் டெல்ஃப்’ என்ற பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று நடத்தலாம். மூன்றாவதுதான் பெரியது: ஊர் எல்லையைத் தாண்டி யாரும் வெளியே போகக் கூடாது, வெளியாட்களும் உள்ளே வரக் கூடாது.

சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? சில மைல் தள்ளி சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பியதாகச் சொல்வார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லையில் பொருள்களை வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் காசை ஓடும் நீரிலோ வினிகரிலோ போட்டு வைப்பார்கள். ஸ்டோனி மிடில்டன் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஆறு குழிகளோடு ஓர் எல்லைக்கல் இன்றும் இருக்கிறது. வினிகர் ஊற்றிக் காசு போட்ட குழிகள் அவை என்பது வழக்கு. மலை மேலே இருக்கும் ஓர் ஊற்றுக்கு ‘மாம்பெசன் கிணறு’ என்றே பெயர். இந்தக் கல்லையும் ஊற்றையும் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் நடந்து போகிறார்கள்.

எட்டு நாளில் ஏழு குழிகள்

1666 ஆகஸ்ட் மாதம்தான் மிக மோசம். அந்த ஒரு மாதத்தில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஊருக்குச் சற்று வெளியே ரைலி என்ற பண்ணையில் இருந்தவர் எலிசபெத் ஹான்காக். ஆகஸ்ட் முதல் பாதியில், எட்டு நாளுக்குள், அவருடைய ஆறு பிள்ளைகளும் கணவரும் இறந்தார்கள். ‘அவரவர் வீட்டார்தான் புதைக்க வேண்டும்’ என்ற விதி எழுத்தில் சுலபமாக இருக்கிறது. நடைமுறையில் அதன் அர்த்தம் இதுதான்: ஒரு பெண் தனியாளாக ஏழு குழி தோண்டி, ஏழு உடல்களை இழுத்துப் போய்ப் புதைத்தார். நோய் தொற்றாமல் இருக்க, உடலின் காலில் துணியைக் கட்டி இழுத்தார் என்று ஊர் சொல்கிறது. ஸ்டோனி மிடில்டன் மக்கள் எதிர் மேட்டில் நின்று பார்த்தார்களாம். யாராலும் கிட்டே போக முடியவில்லை.

எலிசபெத்துக்கு நோய் வரவில்லை. வெளியூரில் இருந்ததால் தப்பித்த மகன் ஒருவர் ஷெஃபீல்டில் இருந்தார், அவரிடம் போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள். அந்தக் கல்லறைகள் இப்போது வயலுக்கு நடுவே வட்டமான கல்சுவருக்குள் இருக்கின்றன. ஈம் பற்றி எத்தனை கதை கேட்டாலும், அங்கே போனவர்கள் பேச்சை நிறுத்துவது இந்தச் சுவருக்கு முன்னால்தான்.

ஊர் மறக்காத மற்ற மனிதர்கள்

எமட் சிடால் என்ற இளம்பெண். ஸ்டோனி மிடில்டனைச் சேர்ந்த ரோலண்ட் டோரி என்ற இளைஞனோடு அவளுக்குத் திருமணம் பேசியிருந்தது. நோய் பரவியதும் இருவரும் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நின்று, தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். 1666 ஏப்ரல் கடைசியில் அவள் வரவில்லை. தடை நீங்கியதும் ஊருக்குள் முதலில் ஓடி வந்தவன் ரோலண்ட், வந்த பிறகுதான் அவள் இறந்தது தெரிந்தது என்று கதை முடியும். சிடால் குடும்பத்தின் சாவுகள் பதிவேட்டில் உண்டு. காதல் கதை மட்டும் வாய்வழி.

மார்ஷல் ஹவ் வேறு மாதிரி ஆள். நோய் வந்து பிழைத்தவர், ‘இனி எனக்கு வராது’ என்ற தைரியத்தில் பிணம் புதைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கூலி? இறந்தவர் வீட்டுப் பொருள்கள். ஒருவர் சாகும் முன்பே அவருக்குக் குழி வெட்டிவிட்டார், தூக்கிப் போகும்போது அந்த ஆள் கண் விழித்துக் குடிக்கக் கேட்டார் என்று ஒரு கறுப்பு நகைச்சுவை உண்டு. ஹவ்வின் மனைவியும் மகனும் பின்னர் அதே நோயில் போனார்கள், அவர் கொண்டுவந்த பொருள்களால்தான் என்று ஊர் பேசியது. பல தலைமுறைக்குப் பிறகும், அடம் பிடிக்கும் பிள்ளைகளை ‘மார்ஷல் ஹவ் வந்து தூக்கிப் போயிடுவார்’ என்று பயமுறுத்தினார்களாம். நம் பக்கம் பூச்சாண்டி மாதிரி. வித்தியாசம், இந்தப் பூச்சாண்டி நிஜமாகவே வாழ்ந்தவர்.

மார்கரெட் பிளாக்வெல் என்ற பெண்ணோ, காய்ச்சலில் தாகம் தாங்காமல், பால் என்று நினைத்துச் சூடான பன்றிக் கொழுப்பைக் குடித்துப் பிழைத்தாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

விரும்பித்தான் இருந்தார்களா?

இதுதான் முக்கியமான கேள்வி. பிரபலமான கதையில் ஊர் ஒரே மனதாக முடிவெடுக்கிறது. ஆவணத்தில் அப்படி இல்லை. அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருப்பது மிகக் குறைவு. தேவாலயப் பதிவேடும் மாம்பெசன் எழுதிய சில கடிதங்களும்தான் பிரதானம். அந்தக் கடிதங்களில் மனைவியை இழந்த துயரம் இருக்கிறது, சாவுக் கணக்கு இருக்கிறது. ஊர்மக்கள் சேர்ந்து சபதம் எடுத்த காட்சி இல்லை.

ஊர் எல்லையை அடைத்தது பற்றி அச்சில் வந்த முதல் பதிவுகளில் ஒன்று மருத்துவர் ரிச்சர்ட் மீட் 1720-களில் எழுதியது, அதுவும் மாம்பெசனின் மகன் சொல்லக் கேட்டது. பிறகு அதே ஊரில் பிறந்த கவிஞர் அன்னா சீவர்ட் உருக்கமாக எழுதினார். 1842-இல் உள்ளூர்க்காரர் வில்லியம் வுட் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். மேலே சொன்ன ஹவ், பிளாக்வெல் போன்றவர்களின் கதைகள் இன்றைக்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர் திரட்டி வைத்ததால்தான். நடந்தது 1666-இல், எழுதியது ஏறக்குறைய 175 ஆண்டு கழித்து. நடுவில் ஐந்தாறு தலைமுறைகளின் வாய். வீரமும் தியாகமும் நிறைந்த இந்த வடிவம் பிற்கால எழுத்தாளர்களாலும் பின்னர் சுற்றுலாவாலும் எப்படி உருவானது என்பதை 2006-இல் வரலாற்றாசிரியர் பேட்ரிக் வாலிஸ் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். வெளியே போக வசதி யாருக்கு இருந்தது? பணக்காரர்கள் சிலர் முன்பே கிளம்பிவிட்டார்கள். மாம்பெசனே தன் இரண்டு பிள்ளைகளையும் முன்கூட்டியே யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். ஏழைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1662-ம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஊரில் போய்த் தங்கும் ஏழையை அந்த ஊர் நிர்வாகம் திருப்பி அனுப்பலாம். ஈமிலிருந்து டைட்ஸ்வெல் சந்தைக்குப் போன ஒரு பெண்ணை, எந்த ஊர் என்று தெரிந்ததும் சேற்றையும் கல்லையும் வீசி விரட்டினார்கள் என்ற கதையும் ஊரில் உண்டு. கதவு உள்ளே பூட்டியிருந்ததா, வெளியே பூட்டியிருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான் என்பதே நியாயமான பதில்.

ஆனால் லண்டனோடு ஒப்பிட்டால் ஈம் தனித்துத் தெரிகிறது. அங்கே நோய் வந்த வீட்டுக் கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, காவலாளி நிறுத்தி, நல்லவர்களையும் நோயாளிகளோடு சேர்த்து அடைத்தார்கள். அது அரசாங்க உத்தரவு. ஈமில் காவலுக்குப் படை வந்ததாகச் செய்தி இல்லை. பாதிரியார் பேச்சும் ஊர்க் கட்டுப்பாடும்தான். மனைவி கேத்தரின் ஊரை விட்டுப் போகலாம் என்று மாம்பெசனிடம் கெஞ்சினார், அவர் மறுத்ததும் தானும் கூடவே தங்கினார் என்று சொல்வார்கள். 1666 ஆகஸ்ட் 25-ம் தேதி கேத்தரின் இறந்தார். பாதிரியாரின் மனைவி என்பதால் அவருக்குத் தேவாலய வளாகத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது. எலிசபெத் ஹான்காக்கின் பிள்ளைகளுக்கு வயல்.

ஒரே சாவு எண்ணிக்கை, இரண்டு விதமான ஊர்

கடைசிச் சாவு 1666 நவம்பர் 1. அந்த மாதம் மாம்பெசன் எழுதிய கடிதத்தில் 76 குடும்பங்களில் 259 பேர் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. சாதாரணமாக 260 என்று சொல்வது இதை ஒட்டித்தான்.

சிக்கல் வேறு இடத்தில். ஊரின் மொத்த மக்கள்தொகை 350, பிழைத்தவர்கள் 83 பேர் என்று பழைய புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் நான்கில் மூன்று பேர் சாவு. பதிவேடுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், மக்கள்தொகை 700 அல்லது அதற்கும் மேல் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். இரண்டுமே கொடூரம்தான். ஆனால் ‘ஊரே அழிந்தது’ என்று சொல்வதற்கு இரண்டாவது கணக்கு இடம் கொடுக்காது. சுற்றுலாக் கையேடுகளுக்கு முதல் கணக்குதான் பிடிக்கும்.

பூட்டியதால் பயன் இருந்ததா?

ஈமிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கு நோய் பெரிதாகப் பரவியதாகப் பதிவு இல்லை. அந்த வகையில் வெற்றி. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு? எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்றால், மக்கள் அந்த வீடுகளை விட்டு மலைக்குப் போயிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள், ஊரோடு அடைத்ததே சாவைக் கூட்டியது என்று நீண்ட காலமாக ஒரு விமர்சனம் உண்டு.

2016-இல் லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் ஈம் பதிவேட்டின் தேதிகளைக் கணித மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசித் தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது, மீதிதான் எலி வழி என்பது அவர்கள் முடிவு. மனிதர் மேல் ஒட்டும் தெள்ளுப்பூச்சியோ பேனோ மூச்சுக்காற்றோ, எது வழியாக என்பது தனி விவாதம். இந்த முடிவு சரி என்றால், தள்ளி நின்றதும் திறந்த வெளியில் கூடியதும் எல்லையை அடைத்ததும் அர்த்தமுள்ளவை. வினிகர்க் காசுக்கு மட்டும் பெரிய பங்கு இருந்திருக்காது, பிளேக் முக்கியமாகக் காசு வழியே பரவும் நோய் இல்லை.

இங்கே தொலைக்காட்சிக்கும் ஒரு பங்கு உண்டு. 2000-களின் தொடக்கத்தில், ஈம் வாசிகளின் வம்சாவளியினரிடம் ‘டெல்டா 32’ என்ற மரபணு மாற்றம் அதிகம், அதுதான் அவர்கள் முன்னோரைப் பிளேக்கிலிருந்து காப்பாற்றியது என்று ஆவணப்படம் மூலம் செய்தி பரவியது. அந்த மாற்றம் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் 2004-இல் எலிகளை வைத்து நடந்த சோதனையில், பிளேக்குக்கு எதிராக அது பாதுகாப்பு தரவில்லை. இணையத்தில் பழைய செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதே போல ‘ரிங்கா ரிங்கா ரோஸஸ்’. நம்ம ஊர் எல்.கே.ஜி. பிள்ளைகள் வரை பாடும் இந்தப் பாட்டு பிளேக்கைப் பற்றியது, ஈம் காலத்தது என்று பலரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் அது அச்சில் வந்தது 1881-இல். பிளேக் விளக்கம் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை.

இப்போது ஈம் எப்படி இருக்கிறது?

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ‘பிளேக் ஞாயிறு’. 200-ம் ஆண்டு நினைவாக 1866-இல் தொடங்கிய வழக்கம். மக்கள் குக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில் கூடி வழிபடுவார்கள். அதே சமயத்தில் கிணறு அலங்காரமும் நடக்கும். ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ், இலை, பாசி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பதித்துப் படம் செய்து நீர்நிலை அருகே வைப்பது டெர்பிஷயர் கிராமங்களின் பழைய வழக்கம். ஊருக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு, 1994-இல் திறந்தது.

தேவாலய வளாகத்தில் பிளேக்குக்கு சுமார் 900 ஆண்டு மூத்த ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. தண்டின் ஒரு துண்டு காணாமல் போனதால் குட்டையாக இருக்கும். நோய்க் கதையைத் தேடி வருகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போவார்கள்.

பாதிரியார்களுக்கு என்ன ஆனது? ஸ்டான்லி 1670-இல் இறந்தார். அதே சமயத்தில் மாம்பெசனுக்கு நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றல் கிடைத்தது. பிளேக் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த ஊர் மக்கள் அவரை உள்ளே விடப் பயந்தார்கள் என்றும், ரஃபர்ட் என்ற இடத்துப் பூங்காவில் ஒரு குடிசையில் சில காலம் தங்க நேர்ந்தது என்றும் சொல்கிறார்கள். பின்னர் அதே ஊரில்தான், மறுமணம் செய்துகொண்டு, 1709-இல் இறக்கும் வரை இருந்தார். ஈமுக்கு அவர் திரும்பவில்லை.